கெட்ட நிரையும் மாற்று நிரையும்

கனடாவுக்குப் புதிதாக வந்து குடியேறிய நம்மவர்கள் எங்களைக் கண்டால் முதலில் கேட்பது "என்ன வேலை?" என்பதைத்தான். "கணனி மெமரி திருத்துறம்" என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "அப்ப நீங்கள் இஞ்சினியர்மாரோ?" என்ற வியப்பு. மற்றது, "அது படிச்ச ஆக்களின்ர வேலை, எங்களுக்குச் சரிவராது" என்ற சலிப்பு. இரண்டும் தவறு. இரவு வேலையில் நாங்கள் தமிழர் நாலு பேர் நிற்கிறோம். நாலு பேரில் ஒருவரும் ஓ.எல். பரீட்சையைத் தாண்டியவர்கள் அல்ல. பேக்கரி வேலை, கோழி வெட்டும் வேலை, துப்புரவு வேலை பற்றியெல்லாம் இந்தச் சஞ்சிகையில் பலர் எழுதிவிட்டார்கள். எங்களுடைய வேலையைப் பற்றியும் நாலு வார்த்தை எழுதினால் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறோம். அதோடு, எழுதாமல் விட்டால் மனம் ஆறாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், வெளியில் பெயர்ப்பலகை கூடச் சரியாகத் தெரியாத ஒரு கட்டடம். வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள் போன்றவை தங்கள் கணனிக் கூடங்களில் சில வருடம் ஓடவிட்ட பெரிய கணனிகளை, அதாவது சேர்வர்களை, மாற்றும்போது பழையவை லொறி லொறியாக இங்கே வரும். பகல் ஷிப்ற் அவற்றைக் கழற்றும். அவற்றிலிருந்து எடுக்கப்படும் மெமரித் தகடுகள் இரவில் எங்கள் மேசைக்கு வரும். ஸ்ரிக் என்று சொல்லுவோம். ஒரு சாண் நீளம்கூட வராத பச்சைத் தகடு, அதில் வரிசையாகக் கறுத்தச் சிப்கள். ரெஸ்ற் பண்ணி, நல்லதை ஒரு தட்டிலும் திருத்தக்கூடியதை இன்னொரு தட்டிலும் கழிவை மூன்றாவது தட்டிலும் போடவேண்டும். திருத்தக்கூடியதைத் திருத்தவேண்டும். இவ்வளவுதான் வேலை.

எங்களுக்கு இதைப் பழக்கியவர் ஒரு வியட்நாம்காரர். அவரும் ஒரு காலத்தில் படகில் வந்தவர். அறுபதைத் தாண்டிய மனிதர். ஆங்கிலம் எங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் நல்லது. ஆனால் பேப்பரில் கோடு கீறிக் காட்டினால் யாருக்கும் விளங்கும். அவர் கீறியதைத்தான் இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழில் சொல்லுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் கணித பாடத்தில் தாயம் படித்தவர்களுக்கு நிரை, நிரல் நினைவிருக்கும். படுக்கையாகப் போவது நிரை, நெடுக்காகப் போவது நிரல். மெமரிச் சிப்புக்குள் இருப்பதும் அதேதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளி மின்னேற்றம். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த ரொபேர்ட் டெனார்ட் என்பவர் இந்த ஒற்றைத் திரான்சிஸ்ரர் கட்டத்தைக் கண்டுபிடித்து 1968 இல் காப்புரிமை பெற்றார். 2024 இல்தான் அவர் காலமானார். அவர் போட்ட வழியில்தான் இன்றைக்கும் உலகமெங்கும் மெமரி ஓடுகிறது.

ஆனால் அந்தத் துளி நிலைத்து நிற்காது. ஓட்டை வாளியில் அள்ளிய தண்ணீர்போல் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகையால் எல்லா நிரைகளையும் 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை வாசித்துத் திரும்ப நிரப்பவேண்டும். சிப்பின் சூடு 85 பாகை செல்சியசைத் தாண்டினால் ஒழுக்கு கூடும். அப்போது அதிலும் பாதி நேரத்துக்குள் நிரப்பவேண்டும். நீங்கள் இதை வாசித்து முடிக்கிற நேரத்துக்குள் உங்கள் பிள்ளையின் கணனியில் எத்தனை ஆயிரம் தடவை இது நடக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசைக்கு அதிகம் வரும் சிப் 8 கிகாபிற் அளவு. அதற்குள் 16 அறைகள். ஓர் அறையில் 65,536 நிரைகள். எல்லாம் சேர்த்தால் ஒரு சிப்பில் 10 இலட்சத்து 48 ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரைகள். ஒவ்வொரு நிரையிலும் 8,192 கட்டங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொருளுக்குள் இவ்வளவும். இதில் ஒரு நிரைகூடக் கெடாமல் செய்து தா என்று கடவுளிடம்கூடக் கேட்கமுடியாது. ஒரு நிரை பிழை என்பதற்காக முழுச் சிப்பையும் எறிந்தால் எந்தத் தொழிற்சாலையும் நடக்காது. அதனால் செய்கிறபோதே மேலதிகமாகச் சில நிரைகளையும் நிரல்களையும் வைத்துச் செய்வார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 64 ஆயிரம் கட்டங்கள் கொண்ட ஒரு சிப்பில் இப்படி மாற்று நிரை வைத்து, லேசரால் இணைப்பை எரித்துத் திருத்தும் முறையை 1979 இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். எங்களில் ஒருவரும் பிறக்காத காலம்.

திருத்துவது என்றதும் கெட்ட நிரையை ஏதோ ஒட்டிச் சரிப்படுத்துகிறோம் என்று நினைப்பீர்கள். அப்படியல்ல. கெட்டது கெட்டபடியே கிடக்கும். அதை யாரும் தொடுவதில்லை. அந்த நிரையின் விலாசத்தைக் கேட்டு வருகிறவர்களை மாற்று நிரைக்கு அனுப்பிவிடுவதுதான் திருத்தம்.

வியட்நாம்காரர் இதைச் சொன்னபோது எங்களில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். அவருடைய குடும்பம் 1990 இல் இடம்பெயர்ந்தது. வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இவர் பிறந்ததே பெரியம்மா வீட்டில். ஆனால் வெளிநாட்டிலிருந்த மாமா கடிதம் போடும்போதெல்லாம் பழைய வீட்டு விலாசத்தைத்தான் எழுதுவார். எத்தனை தரம் சொன்னாலும் மாற்றமாட்டார். தபால்காரருக்கு விஷயம் தெரியும். விலாசத்தைப் பார்ப்பார், சைக்கிளைத் திருப்புவார், பெரியம்மா வீட்டுப் படலையில் மணி அடிப்பார். மாமாவுக்குக் கடிதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான் தெரியும். "எங்கடை தபால்காரர் செய்ததைத்தான் இந்தச் சிப்பும் செய்யுது" என்று அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்க எங்களுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. கேட்டு முடிந்ததும் வியட்நாம்காரர் ஒன்றும் பேசாமல் தேநீர் வாங்கித் தந்தார்.

சிப்பைச் செய்யும் தொழிற்சாலையில் இந்த மாற்றத்தை லேசரால் செய்யலாம், ஏனென்றால் அங்கே சிலிக்கன் திறந்தபடி இருக்கும். கறுத்த உறைக்குள் போட்டு மூடியபின் லேசர் உள்ளே போகாது. ஆகையால் மூடிய சிப்பைப் பின்னர் திருத்த மின்சாரத்தால் பியூஸ் எரிக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். 2012 இல் விதிமுறை வெளிவந்த டி.டி.ஆர்.4 என்ற மெமரி வகையில் இது இடம்பெற்றது. அதில் 16 அறைகளும் நாலு நாலாக நாலு தொகுதி. தொகுதிக்கு ஒரு மாற்று நிரை கட்டாயம் இருக்கவேண்டும். அதாவது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நிரைகளுக்கு, எங்கள் கைக்கு நிச்சயமாகக் கிடைப்பது நாலே நாலு. ஒரே தொகுதியில் இரண்டு நிரை கெட்டிருந்தால், பக்கத்துத் தொகுதியில் மாற்று நிரை சும்மா கிடந்தாலும் இரவல் வாங்கமுடியாது. எரித்த பியூஸைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. தவறுதலாக எரிந்துவிடக்கூடாது என்பதற்காக நாலு கட்டளைகளை ஒழுங்கு மாறாமல் கொடுத்தால்தான் சிப் சம்மதிக்கும். அதன்பின் ஏறக்குறைய ஒரு செக்கன் பொறுத்திருக்க வேண்டும். சிப்பின் கணக்கில் ஒரு செக்கன் என்பது ஒரு யுகம். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

எரிப்பது சுகம். எதை எரிப்பது என்று தீர்மானிப்பதுதான் வேலை. ஒரு தடவை பிழை காட்டினால் நிரை கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது. சிப்பின் உறையில் இருக்கிற மிகச் சிறிய அளவு யுரேனியம், தோரியத்திலிருந்து வரும் அல்பாத் துணிக்கைகள்கூட ஒன்றைப் பூச்சியமாக்கிவிடும் என்று இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1978 இல் கண்டுபிடித்தார்கள். அது வழியில் போனவன் தள்ளிவிட்டுப் போனதுபோல, நிரையில் குற்றமில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழை வந்தால்தான் உண்மையான கேடு. இன்னும் சில கட்டங்கள் இருக்கின்றன, ஒரு நாள் நன்றாக நிற்கும், மறுநாள் ஒழுகும். அவைதான் ஆகக் கரைச்சல். ஆகையால் ஸ்ரிக்கைச் சூடாக்கும் பெட்டிக்குள் வைத்து, எல்லாம் பூச்சியம், எல்லாம் ஒன்று, பிறகு சதுரங்கப் பலகைபோல மாறி மாறி என்று எழுதி எழுதி வாசிப்போம். குளிரில் பாசான எத்தனையோ ஸ்ரிக்குகள் சூட்டில் விழுந்ததைக் கண்டிருக்கிறோம்.

இனி அந்த மற்ற விஷயத்துக்கு வருகிறோம்.

இந்தத் திருத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இப்போது சொன்ன நிரந்தரத் திருத்தம். மற்றது தற்காலிகத் திருத்தம். இதில் பியூஸ் எரிவதில்லை. மாற்று விலாசத்தைச் சிப் நினைவில் மட்டும் வைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் மறந்துவிடும். பழைய கெட்ட நிரை திரும்ப வந்துவிடும். தற்காலிகத் திருத்தம் ஏமாற்று அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை நிறுத்தாமல் சமாளிக்க அது தேவை. நாங்களும் மாற்று நிரை நல்லதுதானா என்று முதலில் பார்க்க அதைப் பயன்படுத்துவோம். பார்த்து, சரி என்றால் நிரந்தரமாக எரித்து, மின்சாரத்தைக் கழற்றி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கி முழு ரெஸ்ற்றும் ஓடவேண்டும். இப்படிச் செய்ய ஒரு தட்டுக்கு முக்கால் மணித்தியாலம் மேலதிகமாகப் போகும்.

2025 இல் மெமரியின் விலை மளமளவென்று ஏறியது. பெரிய தொழிற்சாலைகள் டி.டி.ஆர்.4 ஐக் குறைத்துக்கொண்டு புதிய வகைகளுக்கு மாறியதால் பழைய ஸ்ரிக்குக்கும் திடீர் மதிப்பு. அதுவரை கழிவுத் தட்டில் கவலையில்லாமல் போட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்கள். இரவுக்கு இத்தனை பச்சை லேபல் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

எங்கள் லீட் ஹான்ட் ஒரு தமிழர். தொண்ணூறுகளில் வந்தவர். எங்கள் நாலு பேரையும் இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒருவருக்கு வீடு எடுக்கக் கையெழுத்து வைத்தவர். இன்னொருவருடைய அகதி வழக்கு விசாரணைக்குத் தன் காரில் கூட்டிக்கொண்டு போய், மத்தியானம் வரை வெளியில் நின்று, சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். அண்ணை என்று கூப்பிட்டாலும் தகப்பன் ஸ்தானத்தில்தான் வைத்திருந்தோம். அவர் ஒரு மாசக் கடைசி இரவு வந்து சொன்னார்:

"தம்பியவை, தற்காலிகத்தைப் போட்டிட்டு அந்த ஓட்டத்திலயே ரெஸ்ற்றை முடியுங்கோ. பாஸ் எண்டு மெஷினே லேபல் அடிக்கும். நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?"

மெஷின் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். அந்த ஓட்டத்தில் ஸ்ரிக் பாஸ்தான். மின்சாரத்தைக் கழற்றிய பிறகு என்ன என்று மெஷினிடம் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிரேக்கில் நாங்கள் சாப்பிடவில்லை. எங்களில் இருவர் ஏஜென்சி மூலம் வேலை செய்பவர்கள். நாளைக்கு வரவேண்டாம் என்று ஒரு ரெலிபோன் போதும். ஒருவருக்கு மனைவி வந்து மூன்று மாதம்தான். "எங்களுக்கென்ன, ஆர் வாங்கினா என்ன" என்று ஒருவர் சொன்னார். "ஆர் வாங்குறது? புது ஸ்ரிக் வாங்கக் காசில்லாத ஆக்கள்தானே" என்றார் மற்றவர். உண்மை அதுதான். வங்கிக்காரர் பழைய மெமரி வாங்குவதில்லை. சின்னக் கடைகள், சின்னக் கம்பனிகள், ஒரு பழைய கணனியைக் கூட்டிப்பெருக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற குடும்பங்கள், அவர்கள்தான் வாங்குவார்கள். கணக்கு எழுதி வைத்த கோப்பு ஒருநாள் திறக்காது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

சேர்வர் ஸ்ரிக்குகளில் பிழை திருத்தும் மேலதிகச் சிப் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சாதாரணமாக 64 பிற்களுக்கு 8 பிற் காவல் இருக்கும். ஒரு பிற் பிழைத்தால் திருத்தும். இரண்டு பிழைத்தால் கண்டுபிடிக்கும், திருத்தாது. கூகிள் நிறுவனத்தின் கணனிகளைப் பார்த்து 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டு ஸ்ரிக்குகளுக்கு மேல் பிழை காட்டியதாகச் சொல்லப்பட்டது. ஏற்கெனவே ஒரு நிரை கெட்டுக் கிடந்தால் அந்தக் காவல் அங்கேயே செலவாகிவிடும். அடுத்த பிழைக்கு ஆளில்லை.

திரும்பிப் போய் அண்ணையிடம் சொன்னோம். நாலு பேரும் சேர்ந்துதான் போனோம். ஒருவரைப் பேசவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்கக்கூடாது என்று முதலே பேசிக்கொண்டோம். "அண்ணை, தற்காலிகம் போட்டதை நாங்கள் தனித் தட்டில வைக்கிறம். பச்சை ஒட்டமாட்டம். வேணுமெண்டா மஞ்சள் ஒட்டி, என்ன செய்ததெண்டு எழுதித் தாறம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "உங்களை ஆர் இஞ்ச கொண்டுவந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் நாலு பேரும் இன்றுவரை பதில் வைத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஏஜென்சிக்காரர் இருவருக்கும் ஐந்து இரவு மூன்று இரவாகியது. யார் செய்தது என்று கேட்கவில்லை. மற்ற இருவரும் தங்கள் ஓவர்டைமை விட்டுக்கொடுத்து வாடகைக்குச் சேர்த்தோம். அண்ணை வேறு ஆட்களை வைத்துத் தட்டுகளை முடித்தார். ஒரு மாதம் போக ஒரு கடையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. 40 ஸ்ரிக்குகள், எல்லாம் பச்சை லேபல். பகல் சுப்பவைசர் எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்து, "ஏன்?" என்றார். அவர் தமிழர் அல்ல. அண்ணையும் பக்கத்தில் நின்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வியட்நாம்காரர்தான் ஒரு ஸ்ரிக்கை எடுத்துச் செருகினார், பிழை காட்டியது. தற்காலிகம் போட்டார், பாஸ். கழற்றித் திரும்பச் செருகினார். அதே நிரையில் அதே பிழை. ஒரு வார்த்தை பேசாமல் மூன்று தரம் செய்து காட்டினார்.

அதன்பின் தற்காலிகத்தோடு மெஷின் பச்சை அடிக்காதபடி பூட்டினார்கள். எங்கள் இருவருக்கும் ஐந்து இரவு திரும்பக் கிடைத்தது. சுவரில் இருந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. நிரந்தரம் எரித்து, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கியும் அதே எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். இப்போது தட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடவிட்டு ஒருமாதிரிச் சமாளிக்கிறோம்.

புதிதாக வந்தவர்களுக்கு, இந்த மாதிரி வேலைக்கு வர விரும்பினால்: ஆங்கிலம் பெரிதாக வேண்டாம், எண்களைத் தவறாமல் வாசிக்கத் தெரியவேண்டும். கையில் கட்டும் நிலமின் பட்டியைக் கழற்றவே கூடாது. இந்த நாட்டுக் குளிர்கால வரண்ட காற்றில் கம்பளிச் சுவெற்றரோடு ஒரு சிப்பைத் தொட்டால், உங்களுக்குச் சுள்ளென்று படுவதற்கு முன்னமே சிப் போய்விடும். ஒன்ராறியோவில் 2024 யூலை 1 இலிருந்து வேலை ஏஜென்சிகள் அரசாங்க அனுமதிப்பத்திரம் வைத்திருக்கவேண்டும். வேலை எடுத்துத்தர உங்களிடம் காசு கேட்கவும் முடியாது. 2025 ஒக்ரோபரிலிருந்து ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 17 டொலர் 60 சதம். அதற்குக் குறைவாகக் கையில் காசாகத் தருகிறோம் என்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பழைய மெமரி வாங்கினால் மெம்ரெஸ்ற்86 என்ற இலவசச் செயலியைப் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் கணனியை நிறுத்தி, வயரைக் கழற்றி, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பச் செருகி இன்னொரு தரம் ஓடவிடுங்கள். அந்த இரண்டாவது தரம்தான் முக்கியம்.

அண்ணை இப்போதும் எங்கள் லீட் ஹான்ட்தான். பிரேக்குக்கு வேறு மேசையில் இருக்கிறார். போன தைப்பொங்கலுக்கு எங்களில் ஒருவருடைய மனைவி புக்கை கட்டிக் கொடுத்தனுப்பினார். வாங்கினார். பெட்டியைக் கழுவித் திருப்பித் தந்தார்.